11 பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடமா?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே 11 பிள்ளைகள், ஆசிரியர்கள் இருவர். பேசாமல் மூடிவிட்டு, வேன் வைத்துப் பெரிய பள்ளிக்கு அனுப்பினால் என்ன?
– ஒரு வாசகர், கோத்தகிரி வட்டம்

பதில்: வேன் எத்தனை நாள் ஓடும் என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. மண் சரிந்தால் வேன் நிற்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் உட்காரும். இருக்கிற பள்ளிக்கு அது நடந்தே போய்விடும்.

இரண்டு ஆசிரியர் என்பது சலுகையும் அல்ல. 60 பிள்ளை வரை இருவர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஏட்டில் இருவர் சரி, வகுப்பில் எத்தனை பேர்? ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் இருப்பார், இல்லையென்றால் பயிற்சியில். மிஞ்சியவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்து மேய்க்க வேண்டும், நடுவே கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் பதிவு வேறு. ஒன்றாம் வகுப்புக்குக் கை பிடித்து 'அ' எழுத வைப்பதற்குள் நான்காம் வகுப்பின் வகுத்தல் கணக்கு பாதியில் நிற்கும். இருவரும் இருந்தால் கதையே வேறு. 1 முதல் 3 வரை ஒருவர், 4, 5 இன்னொருவர். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரிக்கச் சொல்கிறதே, 40 பேர் வகுப்பில் அதற்கு ஆசிரியர் திணறுவார். இங்கே கடன் வாங்கிக் கழிப்பதில் யார் தடுமாறுகிறார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

குறை உண்டு. 11 பேரை வைத்து இரண்டு கபடி அணி கட்ட முடியாது. மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் என்றால் அவளுக்குப் போட்டியும் இல்லை, துணையும் இல்லை. பள்ளி மானியம் 30 பிள்ளை வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், தாண்டினால் 25,000. பிள்ளை குறைவென்று கூரை குறைவாகவா ஒழுகும்?

மற்ற பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. மூன்றரை வயதில் எல்.கே.ஜி. வேனில் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி உங்கள் பள்ளிக்கு வராது. ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். மாற்றுப்பணியை ரத்து செய்யக் கேட்டுத் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். பிறகு அங்கன்வாடியில் படிக்கும் நான்கு வயதுப் பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, தேயிலை பறித்துவிட்டு ஆட்கள் வீடு திரும்பும் சாயங்காலம் வீடு வீடாகப் போங்கள். வாசலிலேயே கேட்பார்கள்: "ரெண்டு டீச்சரும் வர்றாங்களா?"