அலமாரியில் புதுசு, வாசலில் பழசு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ். 'சர்ட்டிஃபிகேட்' என்றே எழுதிவிடுகிறேன். தோட்டப்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நாளிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன், சர்வர் பார்ப்பவர்கள் வேறு பெயரில் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

கேள்வி: ஐயா, சி.எம்.சி. பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். வைத்தியத்துக்கு வரும் வங்காளத்துக்காரர்கள் இணையதளத்தில்தான் ரூம் போடுவார்கள். போன ஞாயிறு காலையிலிருந்து தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று சிவப்பாக வருகிறது. கல்கத்தாவிலிருந்து ஒருவர் போன் செய்து, இது போலித் தளமா என்று கேட்டார். தளம் செய்து கொடுத்த தம்பி பெங்களூருக்குப் போய்விட்டார். 'சர்ட்டிஃபிகேட் முடிஞ்சிருக்கும்' என்று மட்டும் சொன்னார். டொமைனுக்குத்தான் பணம் கட்டியிருக்கிறோமே, இது ஏன் முடிய வேண்டும்?
— லாட்ஜ் உரிமையாளர், வேலூர்

பதில்: டொமைன் பணம் வேறு, இது வேறு. டொமைன் உங்கள் கடைப் பெயர். 'இந்தப் பெயருக்கு உரியவர் கையில்தான் இந்த சர்வர் இருக்கிறது' என்று மூன்றாவது ஆள் ஒருவர் கொடுக்கும் அத்தாட்சிதான் சர்ட்டிஃபிகேட். நாளைக்கே நீங்கள் பெயரை வேறொருவருக்கு விற்கலாம், சாவி திருட்டுப் போகலாம். அதனால் லாரிக்கு எஃப்.சி. கொடுப்பதுபோல் தேதி போட்டுத்தான் கொடுப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற பெயர் தெரிகிறது. 2015 கடைசியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இலவச சேவை அது, லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது. அவர்கள் சர்ட்டிஃபிகேட் வழக்கமாக 90 நாள். யாரும் கையால் புதுப்பிப்பதில்லை. சர்வருக்குள் செர்ட்பாட் என்ற நிரல் தினமும் இரண்டு முறை எழுந்து பார்க்கும், 30 நாளுக்குக் குறைவாக இருந்தால் தானே புதுசு வாங்கிவிடும். அப்படி ஏற்பாடு இருந்தும் உங்களுக்கு முடிந்துபோனது என்றால் ஒன்று அந்த நிரல் எழுந்திருக்கவே இல்லை, இல்லாவிட்டால் ஒரு மாதமாக அறுபது முறை முயன்று தோற்று, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான். முன்பெல்லாம் தேதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்டே மெயில் போடும். 2025 ஜூன் 4-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். வந்த காலத்தில் மட்டும் யார் படித்தார்கள் என்கிறீர்களா, அதுவும் சரிதான்.

ஏன் தோற்கும்? பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வருவாரே, அந்தக் கதைதான். 'உன் தளத்தில் இந்த இடத்தில் இந்த வரியை எழுதி வை, நான் வந்து பார்க்கிறேன்' என்பார்கள் லெட்ஸ் என்க்ரிப்ட்காரர்கள். அவர்கள் வருவது சர்வரின் 80-ஆம் எண் வாசல் ('போர்ட்') வழியாக. அந்த கேட் பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள்.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். சத்துவாச்சாரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு சர்வர் பார்த்துவந்தேன். ஒரு ஏப்ரல் மாதம், சர்வரின் காவல் வேலியான ஃபயர்வாலை இறுக்குகிறேன் பேர்வழி என்று 80-ஐ மூடினேன். 'எல்லாம் 443-லதானே ஓடுது' என்ற மிதப்பு. 443 என்பது பாதுகாப்பான இணைப்பு வரும் வாசல். அதற்கு முந்தின வாரம்தான் சர்ட்டிஃபிகேட் புதுசாகியிருந்தது. ஆகவே மே முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ஜூனில் உள்ளுக்குள் தோற்க ஆரம்பித்திருக்கிறது, எனக்குத் தெரியாது. ஜூலை முதல் வாரம் காலை ஏழு மணிக்கு போன்: 'இன்னா சார், ரிப்போர்ட்டே தொறக்க மாட்டேங்குது, ஜனம் க்யூ கட்டி நிக்குது!' முந்தின நாள் மாற்றிய நிரலைத்தான் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் குடைந்தேன். ஏப்ரலில் மூடிய கதவு ஜூலையில் யாருக்கு ஞாபகம் வரும்? இந்த நோயின் குணமே அதுதான். காரணத்துக்கும் வலிக்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்தத் தம்பியிடமிருந்து சர்வர், டொமைன், டி.என்.எஸ். (தளத்தின் பெயரை சர்வரோடு இணைக்கும் பதிவு) மூன்றின் பாஸ்வேர்டையும் வாங்கி உங்கள் கணக்கு நோட்டில் எழுதிவையுங்கள். ஆள் ஊர் மாறலாம், பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும். அப்புறம் உள்ளூரில் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டு, செர்ட்பாட்டை ஒத்திகை முறையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'ட்ரை ரன்' என்றால் அவருக்குப் புரியும். எங்கே இடிக்கிறது என்று அதுவே சொல்லும். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸே சில மணி நேரம் படுத்துவிட்டது, இதே காரணத்தால்.

கேள்வி: அண்ணே, ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். செர்ட்பாட் 'வெற்றி' என்கிறது. ஃபைலைத் திறந்தால் புதுத் தேதி இருக்கிறது. பிரவுசரில் மட்டும் பழைய தேதி, இன்னும் நான்கு நாள்தான் பாக்கி. சந்தேகத்தில் ஐந்து முறை வலுக்கட்டாயமாகப் புதுப்பித்தேன். ஆறாவது முறை தரமாட்டேன் என்கிறது. மேனேஜர் முறைக்கிறார்.
— வாசகர், ஆம்பூர்

பதில்: உங்கள் ஊர் பிரியாணிக் கடைக்கே போவோம் தம்பி. கல்லாவுக்குப் பின்னால் உணவு லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். புது லைசென்ஸ் வந்து அலமாரியில் கிடக்கிறது, சுவரில் தொங்குவது பழசு. வருகிறவர் எதைப் பார்ப்பார்? தளத்தை வெளியே காட்டும் என்ஜின்எக்ஸ் என்ற நிரல், கிளம்பும்போது சர்ட்டிஃபிகேட்டை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபைல் மாறினால் அதற்குத் தெரியாது. மறுபடி படிக்கச் சொல்லி நீங்கள்தான் 'ரீலோட்' கட்டளை கொடுக்க வேண்டும். ஒரு நொடி வேலை, இணைப்பில் இருப்பவர்கள் அறுபட மாட்டார்கள்.

இதை நிரந்தரமாக்க, செர்ட்பாட்டின் ரெனியூவல் ஹுக்ஸ் ஃபோல்டருக்குள் டிப்ளாய் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ஒரே வரி ஸ்கிரிப்டை அதில் போட்டு, இயங்கும் அனுமதி கொடுங்கள். அனுமதி கொடுக்க மறந்துவிட்டு என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர். இன்னொரு சூது: மேலே சொன்ன ஒத்திகையில் இந்த ஸ்கிரிப்ட் வழக்கமாக ஓடாது. ஒத்திகை ஜெயித்தது என்று நம்பிவிடாமல், ஸ்கிரிப்டைத் தனியாகக் கையால் ஓட்டிப் பாருங்கள். மெயில் சர்வரும் அதே சர்ட்டிஃபிகேட்டை வைத்திருந்தால் டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் நிரல்கள் இரண்டுக்கும் அதில் வரி வேண்டும். தளம் நன்றாக ஓடும், ஜெர்மனிக்காரருக்கு மெயில் அனுப்ப உட்காரும்போது அவுட்லுக் கத்தும்.

ஐந்து முறை விஷயம்: ஒரே பெயருக்கு 7 நாளில் 5 சர்ட்டிஃபிகேட்தான் தருவார்கள். ஏறக்குறைய ஒன்றரை நாள் பொறுத்தால் ஒன்று கிடைக்கும். ஆனால் உங்களுக்கு எதற்கு? அலமாரியில் ஐந்து நல்ல சர்ட்டிஃபிகேட் தூங்குகிறது. ரீலோட் செய்துவிட்டு மேனேஜரிடம் போங்கள்.

கேள்வி: சார், நான் காட்பாடியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. சர்ட்டிஃபிகேட் ஃபைலின் தேதியை தினமும் பார்த்து, 30 நாளுக்குக் கீழே போனால் எனக்கு மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் எழுதி எங்கள் துறை சர்வரில் போட்டிருக்கிறேன். இது போதுமா?
— மாணவி, காட்பாடி

பதில்: எழுதியதற்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் ஆம்பூர்க்காரர் கடிதத்தைப் படித்திருப்பீர்களே, நீங்களும் அலமாரியைத்தான் பார்க்கிறீர்கள். வாசலுக்குப் போங்கள். வேறொரு கணினியிலிருந்து, வெளியாள் வருவதுபோல் 443-க்கு இணைப்பு போட்டு, அங்கே காட்டப்படும் தேதியைப் படியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச நிரலில் எஸ் கிளையன்ட் என்ற கட்டளை இதற்குத்தான். தளத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே சர்வரில் பத்து தளம் இருந்தால், பெயர் சொல்லாமல் கேட்பவருக்கு வேறு தளத்தின் சர்ட்டிஃபிகேட் கையில் வரும்.

30 நாள் என்ற கணக்கும் சரியில்லை. புதுப்பிப்பு தொடங்குவதே அப்போதுதான், எல்லாம் நன்றாக இருக்கும்போதும் உங்களுக்கு மெயில் வரும். இரண்டு முறை வீணாக வந்தால் மூன்றாவது முறை படிக்க மாட்டீர்கள். 20 என்று வையுங்கள். 90 நாள் சர்ட்டிஃபிகேட்டில் 20-க்குக் கீழே போனால் பத்து நாளாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சரி செய்யவும் நேரம் மிச்சம்.

காவல்காரரைக் காவல் காக்கும் வீட்டுக்குள்ளேயே பூட்டாதீர்கள். சர்வர் படுத்தால் ஸ்கிரிப்டும் படுக்கும், மெயில் வராது, நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். நான் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் அப்டைம் கூமா என்ற இலவச நிரலைப் போட்டு வைத்திருக்கிறேன், தேதி நெருங்கினால் டெலிகிராமில் தட்டும். கத்தரி வெயிலில் அந்த லேப்டாப் இரண்டு முறை சூடேறி அணைந்ததும் உண்டு. அதனால் திங்கள்தோறும் காலையில் 'எல்லாம் நலம்' என்று ஒரு செய்தி வரும்படி வைத்தேன். வராவிட்டால் டீயைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்க்கப் போவேன்.

கேள்வி: ஆரணியில் பட்டுப் புடவைக் கடை. வருடா வருடம் பணம் கட்டி சர்ட்டிஃபிகேட் வாங்குகிறோம், ஒரு பையன் வந்து மாட்டிவிட்டுப் போவான். இலவசம் போதும் என்கிறார் மருமகன். இலவசம் என்றால் தரம் குறைவுதானே?
— கடைக்காரர், ஆரணி

பதில்: பூட்டின் பலம் இரண்டிலும் ஒன்றுதான். பணம் கட்டும் சில வகைகளில் கம்பெனி இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். முன்பு அதற்குப் பிரவுசரில் பச்சையாகக் கம்பெனி பெயர் தெரியும். 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை எடுத்துவிட்டன. புடவை வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை மாட்டுகிற காலம் போய்விட்டது. பிரவுசர் கம்பெனிகளும் சர்ட்டிஃபிகேட் கொடுப்பவர்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டார்கள். 398 நாளாக இருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இதுதான். பையன் மாதா மாதம் பஸ் ஏறி வருவானா? பணம் கட்டித்தான் வாங்குவேன் என்றால் வாங்குங்கள், 'ஏக்மி முறையில் தானாகப் புதுப்பிக்க முடியுமா' (செர்ட்பாட் போன்ற நிரல் தானே சர்ட்டிஃபிகேட் கேட்டு வாங்கும் முறை அது) என்று மட்டும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். என்னைக் கேட்டால் மருமகன் கட்சி நான்.

கேள்வி: எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சர்ட்டிஃபிகேட் தப்பு என்கிறது. போனில் எல்லாம் திறக்கிறது. வைரஸா?
— ஆசிரியை, குடியாத்தம்

பதில்: வலது கீழ் மூலையில் கம்ப்யூட்டர் காட்டும் தேதியைப் பாருங்கள் அம்மா. பத்து வருடம் பின்னால் இருந்தால் வைரஸ் இல்லை. அந்தத் தேதியில் இன்றைய சர்ட்டிஃபிகேட் எதுவும் பிறந்தே இருக்காது, அதனால்தான் எல்லாமே தப்பாகத் தெரிகிறது. தேதியைச் சரி செய்தால் இன்றைக்கு ஓடும். கரண்டை அணைத்துப் போட்டதும் மறுபடி பின்னால் போனால், உள்ளே மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேளுங்கள், வாட்ச் ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும்.