புதுச் சட்டம் போடும் முன் எங்களைக் கேட்க வேண்டாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஓர் ஊராட்சியில் மகளிர் குழுக் கூட்டமைப்பின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் குழு வீட்டுப் பெண்கள் பலர் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போய் வருகிறார்கள். வேலை நேரம், நைட் ஷிப்ட், குழுக் கடன் என்று எந்தப் புதுச் சட்டமானாலும் எங்களுக்கு டி.வி. பார்த்துத்தான் தெரிகிறது. சட்டம் போடும் முன் அது பெண்களை எப்படிப் பாதிக்கும் என்று அரசு ஆராய்ந்தே ஆக வேண்டும் என்று விதி உண்டா? இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: விதி இல்லை. மத்திய அரசுக்கும் இல்லை, தமிழ்நாடு அரசுக்கும் இல்லை. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா என்றால், எவ்வளவு செலவாகும் என்ற நிதிக் குறிப்போடுதான் அதை மக்களவையில் வைக்க முடியும். ‘இதனால் பெண்களுக்கு என்ன ஆகும்’ என்று சொல்ல அப்படி ஒரு பக்கம் கிடையாது. 2005-06 முதல் மத்திய பட்ஜெட்டோடு பாலின பட்ஜெட் அறிக்கை ஒன்று வருகிறது. பெண்களுக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். ஒரு சட்டத்தின் வாசகம் பெண்களை எங்கே கொண்டு நிறுத்தும் என்பது அதன் வேலை அல்ல.

முழுக்க வெறுங்கையும் அல்ல. 1990ஆம் ஆண்டின் தேசிய மகளிர் ஆணையச் சட்டத்தில் 16ஆவது பிரிவைப் பாருங்கள். பெண்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கை விஷயங்கள் எல்லாவற்றிலும் மத்திய அரசு ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. கலக்காமல் விட்டால் என்ன என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. 2014 ஜனவரியில் மத்திய அரசு, சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வு என்று ஒரு கொள்கை முடிவு எடுத்தது. மசோதாவின் வரைவை 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அடிப்படை உரிமை, பாதிக்கப்படுவோரின் வாழ்க்கை, பிழைப்பு ஆகியவற்றின் மீதான விளைவையும் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பெண்கள் என்று தனியாகச் சொல்லவில்லை. அது சட்டமும் இல்லை என்பதால் மீறினால் கேட்க ஆள் இல்லை. மாநில மசோதாக்களுக்கு அதுவும் பொருந்தாது.

உங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. வேலை நேர வரம்பிலிருந்து தொழிற்சாலைகளுக்கு அரசு விலக்கு தரலாம் என்பது அதன் உள்ளடக்கம். ‘12 மணி நேர வேலை’ என்று ஊரெல்லாம் பேச்சானது இதுதான். நாலு நாள் வேலை பார்த்தால் மூன்று நாள் லீவு கிடைக்கும், தொழிலாளிக்கு நல்லதுதானே என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். காகிதத்தில் கணக்கு சரி. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் பெண்ணுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 மணி நேர வேலை, அதோடு போக வர பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்கிறது. மூன்றையும் கூட்டினால் தூங்குவதற்கு நாலு மணி நேரம் மிஞ்சும். இந்தக் கூட்டல் கணக்கை அவையில் யாரும் வைக்கவில்லை. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் திருத்தம் மூன்றாம் நாளே நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

‘பெண்கள் மீதான விளைவு’ என்றதும் பலர் ‘இந்தச் சட்டம் பெண்களுக்கு நல்லதா, கெட்டதா’ என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு எந்த அதிகாரியும் ‘நல்லது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எந்த வரி, எந்தப் பெண்ணை, என்ன செய்யும் என்று கேட்டால் அப்படித் தப்ப முடியாது.

1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை தந்த சட்டம். நாட்டின் முன்னோடிச் சட்டங்களில் ஒன்று என்று இன்றும் பெருமை பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அது அமலான 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான மகளுக்கு அந்த உரிமை இல்லை என்று ஒரு வரியும் அதில் இருந்தது. இளவயதுக் கல்யாணம் சகஜமாக இருந்த தர்மபுரியில் அந்த வரி யாரை வெளியே தள்ளியிருக்கும்? பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளைத்தான். படித்து, தாமதமாகக் கல்யாணம் செய்த பட்டணத்துப் பெண்ணுக்குப் பங்கு. படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பங்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இந்த வேறுபாடு நீங்கியது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் பாகப்பிரிவினை பத்திரம் பதிவாகிவிட்ட குடும்பங்களில் அந்தப் பெண்கள் விட்டது விட்டதுதான். (அதே 1989இல்தான் தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டம் தர்மபுரியில் தொடங்கியது. கிருஷ்ணகிரியும் அப்போது தர்மபுரிக்குள்தான் இருந்தது. உங்கள் கூட்டமைப்பின் மூத்தவர்களைக் கேட்டால் இந்த வரியால் பங்கு போனவர்கள் அவர்களுக்குள்ளேயே இருக்கக்கூடும்.)

இன்னொன்று, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள். பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக 2017இல் உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பயன் கிடைக்க, பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் தொடவில்லை. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே 80தான். மாம்பழ சீசன் சுருங்கிய வருஷத்தில் ஆலை எத்தனை நாள் ஓடும்? அதில் மாதவிலக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்ற நாள் போக எத்தனை தேறும்? டெல்லியில் 26 வாரத்தைப் பற்றிப் பேசினார்கள். இங்கே கூழ் ஆலைப் பெண்ணுக்கு 80தான் பிரச்சினை.

குழுக் கடன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் ஒரு சட்டம் இயற்றியது. வாசலில் உட்கார்ந்து மானத்தை வாங்கும் வசூலைத் தடுப்பது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதோடு பார்க்க வேண்டிய பின்விளைவு ஒன்று உண்டு. 2010 அக்டோபரில் ஆந்திரம் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டதும், அங்கே வசூலும் நின்றது, புதுக் கடனும் நின்றது. கம்பெனிக் கடன் நின்றால் அந்த வாரச் செலவுக்கு ஒரு பெண் எங்கே போவாள்? நகை அடகுக்கா, கந்துவட்டிக்கா, கூட்டுறவு வங்கிக்கா? வசூலைக் கட்டுப்படுத்தும் அதே நேரத்தில் மாற்றுக் கடனுக்கு வழி செய்திருக்கிறார்களா என்று, பெண்கள் மீதான விளைவை முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தால் அந்த மதிப்பீடு கேட்டிருக்கும்.

வெளிநாடுகளில் எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவெடுக்கும் முன் ஆண், பெண் இருவர் மீதும் அதன் விளைவை ஆராய வேண்டும் என்று 1995 பெய்ஜிங் மாநாட்டிலேயே நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியாவும் அதில் சேர்த்தி. தென்கொரியா 2011இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஸ்பெயின் 2003இல் கட்டாயமாக்கியது. கனடாவில் 1995 முதலே ஏற்பாடு இருந்தும், பல துறைகளில் ஆய்வு அரைகுறை அல்லது இல்லவே இல்லை என்று அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளரின் 2015 அறிக்கை சொன்னது. எனவே ‘கட்டாயமாக்குங்கள்’ என்று மட்டும் கேட்டால் போதாது, ‘ஆய்வை மசோதாவோடு சேர்த்து வெளியிடுங்கள்’ என்றும் கேட்க வேண்டும். வெளியிடாத ஆய்வு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மசோதாவை விரட்டிப் பிடிப்பது கடினம். நம் சட்டமன்றத்தில் அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் சில நாள்தான் இருக்கும். விதிகள் அப்படி அல்ல. பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களில் விதிகளை வரைவாக அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பெரும்பாலும் 30 அல்லது 45 நாள் கிடைக்கும். சாதாரண ஜனம் நுழையக்கூடிய வாசல் அதுதான். பெண்ணின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் பஸ், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் பெரும்பாலும் விதிகளில்தான் வரும்.

நைட் ஷிப்ட்டையே பாருங்கள். பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ரத்து செய்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்ணை ‘அவர் சம்மதத்துடன்’ வேலைக்கு வைக்கலாம் என்கிறது. நிபந்தனைகளை விதிகளுக்கு விட்டுவிட்டது. ஒப்பந்தத்தில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் சம்மதிக்க மறுத்தால் அடுத்த மாதம் அவளுக்கு வேலை இருக்குமா? பஸ் அவளை வீட்டு வாசலில் விடுமா, இருட்டில் கூட்ரோட்டில் இறக்கிவிட்டுப் போகுமா? இதற்கெல்லாம் பதிலை விதியில்தான் எழுத வைக்க முடியும்.

ஆட்சேபம் எழுதும்போது ‘பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிடுவார்கள். விதி எண்ணைக் குறிப்பிடுங்கள். உங்கள் ஊராட்சியில் எத்தனை பெண்கள் ஓசூர் போகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறது என்று எண்ணிப் போடுங்கள். குழுக்களிடம் கேட்டு ஒரே வாரத்தில் இதை எடுத்துவிடலாம். இந்தக் கணக்கு தலைமைச் செயலகத்தில் கிடையாது, உங்களிடம்தான் உண்டு. கடைசியாக, மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘சம்மதம் எழுத்தில், தமிழில் பெறப்பட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதன் காரணமாக வேலைநீக்கம் கூடாது’ என்பது போல.

சட்டம் வந்துவிட்டது என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்கள் அனைத்தையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4(1)(இ) பிரிவு. சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலர், தலைமைச் செயலகம், சென்னை 9 என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். ‘ஏன் ஆராயவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ‘இச்சட்டம் தயாரிக்கப்பட்டபோது பெண்கள் மீதான விளைவு குறித்துச் செய்யப்பட்ட ஆய்வின் நகல், மகளிர் ஆணையத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். ‘அப்படி ஆவணம் ஏதுமில்லை’ என்று பதில் வந்தால் பத்திரமாக வையுங்கள். உங்கள் மாவட்டத்தின் ஐந்து எம்.எல்.ஏ.க்களுக்கும் கிருஷ்ணகிரியின் ஆறு பேருக்கும், சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும், மாநில மகளிர் ஆணையத்துக்கும் அனுப்ப அதைவிட நல்ல இணைப்பு கிடையாது.

கிராம சபையிலும் தீர்மானம் போடலாம். மாநிலச் சட்டத்தை அது கட்டுப்படுத்தாது; ஆனால் பதிவேட்டில் ஏறும். மே 1 கிராம சபை தொழிலாளர் விஷயத்துக்குப் பொருத்தமான நாள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்ப வேண்டாம்.

எழுதித் தர வக்கீல் வேண்டுமே என்று தயங்காதீர்கள். இலவசச் சட்ட உதவி பெறப் பெண்ணுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லை. தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், கூட்டமைப்பின் பெயரில் அல்லாமல் உங்கள் சொந்தப் பெயரில் விண்ணப்பியுங்கள். அந்தச் சலுகை தனி நபருக்குத்தான்.