கொதிக்கிற தண்ணீரில் அந்தச் சூடு எங்கே போகிறது?

கேள்வி: தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் தெர்மாமீட்டர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. கொடுக்கிற சூடெல்லாம் எங்கே போகிறது?

பதில்: எங்கும் தொலைந்துபோகவில்லை. சூடு கொடுத்தால் வெப்பநிலை ஏறியே ஆகவேண்டும் என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதைத்தான் வெப்பநிலை காட்டுகிறது. 100 டிகிரி வரை நீங்கள் கொடுத்த வெப்பம் அந்த வேகத்தைக் கூட்டியது, கொதிக்க ஆரம்பித்தபின் அதே வெப்பம் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் பிடியை விடுவிக்கவே செலவாகிவிடுகிறது, வேகம் கூடுவதில்லை, அதனால் தெர்மாமீட்டரும் அசைவதில்லை. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான்.

அந்தப் பிடி லேசுப்பட்டது இல்லை. 1 கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 420 கிலோஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) போதும். அதையே முழுக்க ஆவியாக்க இன்னும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும், ஐந்து மடங்குக்கும் மேல்! நீராவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகப் புண்ணாவது இதனால்தான்: தோலில் பட்டு மறுபடி தண்ணீராகும்போது அவ்வளவு வெப்பத்தையும் ஆவி அங்கேயே இறக்கிவிடுகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர், 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி அளந்து காட்டியது. பாடத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போவது எனக்கு வருத்தம்தான், பருப்பொருளின் நிலைமாற்றத்தில் முக்கியமான இடமே இதுதானே.

அப்புறம், 100 டிகிரி என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கான கணக்கு. எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

கேள்வி: கொதிக்கும்போது வரும் குமிழிக்குள் இருப்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா?

பதில்: இல்லை. பாத்திரத்தை அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் ஓரங்களில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பின்னால் அடியிலிருந்து பெரிதாகக் கிளம்பி வருபவை நீராவி, அதாவது அதே தண்ணீர். ஒரு மூலக்கூறுகூட உடையவில்லை, அதனால்தான் இதை இயற்பியல் மாற்றம் என்கிறோம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்த வேண்டும், அது வேதியியல் மாற்றம்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் வெடித்துவிட்டது. உறைந்தால் தண்ணீரின் எடை கூடுமா?

பதில்: எடை கூடாது, இடம்தான் கூடும். பெரும்பாலான பொருட்கள் உறையும்போது சுருங்கும், தண்ணீர் நேர்மாறு. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஆறு ஆறாக வளையம்போட்டு நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கிக்கொள்வதால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது, 1 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,090 மில்லிலிட்டர் பனிக்கட்டியாகிறது. நிறை அப்படியே இருக்க, இடம் மட்டும் பெருத்தால் அடர்த்தி குறையத்தானே செய்யும்? அதனால்தான் ஐஸ் மிதக்கிறது. சந்தேகம் இருந்தால் முக்கால்வாசி மட்டும் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி, உறைவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். ஆனால் வெளியே எடுத்ததும் பாட்டிலின் மேல் காற்றிலுள்ள ஈரம் படியும், அதைத் துடைத்துவிட்டு எடை போடுங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகத்தான் காட்டும்.