குடித்துவிட்டு ஓடிய வழக்கை வேலைப் படிவத்தில் எழுதலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறேன். ஆறு வருடம் ஒரு விநியோக நிறுவனத்தில் வான் ஓடினேன். அங்கே இருபது பேர் அளவில் வேலை செய்கிறார்கள். ஜனவரிக் கடைசியில் நண்பனின் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வரும்போது பொலிஸார் மறித்துப் பலூன் ஊதச் சொன்னார்கள். பெப்ரவரித் தொடக்கத்தில் கோட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 25,000 ரூபா தண்டம், ஆறு மாதம் லைசன்ஸ் இடைநிறுத்தம். அந்தக் கிழமையே முதலாளி இனி வரவேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டார். இப்போது மே மாதம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். படிவத்தில் ‘நீதிமன்றத்தால் எப்போதாவது குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டுள்ளீரா?’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘இல்லை என்று போடு, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்கிறார் அப்பா. அவசரத்துக்குத் தம்பியின் மோட்டார் சைக்கிளில்தான் வேலை தேடி அலைகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: ‘ஆம்’ என்று எழுதுங்கள் தம்பி. அப்பா உங்கள் மீதுள்ள அன்பில்தான் அப்படிச் சொல்கிறார், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த விடயத்தில் அவர் சொல்வது உங்களை இரண்டாம் தடவையும் வேலையிழக்க வைக்கும்.

எப்படி என்று கேளுங்கள். அந்த ஹோட்டல் உங்களிடம் கிராம சேவகர் நற்சான்றிதழும் கேட்கும். அந்தப் படிவத்தைக் கையில் எடுத்து முழுவதும் வாசித்துப் பாருங்கள். எத்தனை காலமாக அந்தப் பிரிவில் வசிக்கிறீர்கள், பொது வேலைகளில் ஈடுபாடு உண்டா என்ற கேள்விகளோடு, விண்ணப்பதாரர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரா என்ற கேள்வியும் அதில் இருக்கும். கிராம சேவகர் கையெழுத்து வைத்து, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கித்தான் அது உங்கள் கைக்கு வரும். ஹோட்டல் படிவத்தில் ‘இல்லை’, நற்சான்றிதழில் ‘ஆம்’ என்று இரண்டு தாள்களும் ஒரே கோவைக்குள் போனால் என்ன நடக்கும்? அல்லது கிராம சேவகரையும் பொய்யெழுத வைக்க வேண்டும். அந்த நிலைமைக்கு அவரைக் கொண்டுபோகாதீர்கள். நாளைக்கு வேறு எதற்கும் அவர் முன்னால்தான் போய் நிற்கப் போகிறீர்கள்.

இன்னொன்று, திருமலை சின்ன ஊர். உட்துறைமுக வீதியில் நடந்தது உப்புவெளிக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதும். நான் பல வருடம் ஆட்களை வேலைக்கு எடுக்கும் மேசையில் இருந்தவன். வழக்கு இருந்ததற்காக ஆளை வேண்டாம் என்று சொன்னதை விட, மறைத்தது பிறகு தெரியவந்ததற்காக வீட்டுக்கு அனுப்பியதுதான் அதிகம். குடித்துவிட்டு ஓடியது ஒரு இரவில் நடந்த பிழை. படிவத்தில் பொய்யெழுதுவது பகல் வெளிச்சத்தில், நிதானமாக இருந்து செய்வது. முதலாளிகள் இரண்டையும் ஒரே தராசில் போடுவதில்லை.

சரி, இதற்காகக் கேட்காத இடத்திலும் கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை. சுயவிபரக்கோவையில் வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். படிவம் கேட்டால் அங்கே எழுதுங்கள். ‘பெப்ரவரியிலிருந்து ஏன் வேலையில்லை?’ என்று நேர்முகத்தில் கேட்டால் அங்கே சொல்லுங்கள். கேள்வி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் கவனியுங்கள். வீதியில் பொலிஸார் எழுதித் தர, தபால் நிலையத்தில் கட்டிவிட்டு வரும் தண்டச்சீட்டு வேறு, நீதவான் முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. ‘ஃபைன்தானே கட்டினேன்’ என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு ‘இல்லை’ என்று போட முடியாது.

எழுத்தில் இவ்வளவு போதும்: ‘ஆம். மது அருந்திய நிலையில் மோட்டார் சைக்கிள் செலுத்தியமை. தண்டப்பணம் செலுத்தப்பட்டது. சாரதி அனுமதிப்பத்திரம் ஓகஸ்ட் வரை இடைநிறுத்தம். விபத்தோ காயமோ இல்லை.’ கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்து வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்து, தண்டம் கட்டிய பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். குற்றச்சாட்டு எது, தண்டனை எது என்று அதில் தெளிவாக இருக்கும். பொலிஸ் நிலையத்தில் அன்று என்னென்ன எழுதினார்கள் என்பதைப் பலர் சரியாக நினைவில் வைத்திருப்பதில்லை.

வாயால் சொல்லும்போது இதைவிடக் கவனம் தேவை. கண்ணாடி முன் நின்று நாலைந்து தடவை சொல்லிப் பழகுங்கள்: ‘நான் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடினேன், பிடிபட்டேன், கோட்டில் ஒப்புக்கொண்டேன். பிழை என்னுடையது. தண்டம் கட்டிவிட்டேன், லைசன்ஸ் வரும்வரை பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஆறு வருடம் சாமான் ஏற்றி இறக்கி, பில் சரிபார்த்த ஆள் நான். ஸ்டோர் வேலை எனக்குப் புதிதில்லை.’ அதோடு நிறுத்திவிடுங்கள். கொஞ்சம்தான் குடித்தேன், பொலிஸ் வேண்டுமென்றே மறித்தது, எல்லாரும்தானே ஓடுகிறார்கள் என்றெல்லாம் தொடங்கினால், எதிரில் இருப்பவருக்குக் கேட்பது ஒன்றுதான்: இவர் மறுபடியும் செய்வார்.

அந்த வசனத்தில் ‘பஸ்ஸில்தான் போய் வருகிறேன்’ என்று போட்டிருக்கிறேன். அதை நீங்கள் இன்றைக்குச் சொன்னால் பொய். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது படிவத்தைப் பற்றிய கேள்வி அல்ல, தம்பியின் மோட்டார் சைக்கிள்தான். லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்டால் வானுக்கும் சேர்த்து, ஆட்டோவுக்கும் சேர்த்து, மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். அந்தக் காலத்தில் ஓடினால் அது தனிக் குற்றம், திரும்பவும் அதே நீதிமன்றம். ஆளை முட்டிவிட்டால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம், தம்பியின் தலையிலும் வந்து விழும். இன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓகஸ்டில் லைசன்ஸை எங்கே, எந்தத் திகதியில் எடுக்க வேண்டும் என்பதை வழக்கேட்டுப் பிரதி எடுக்கப் போகும்போதே பதிவகத்தில் கேட்டு எழுதி வையுங்கள்.

எந்த வேலைக்குப் போகலாம் என்பதில் உங்களுக்குக் காலம் கைகொடுக்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இப்போது சீசன், செப்டெம்பர் வரை ஹோட்டல்களில் ஆள் தேவை இருக்கும். ஸ்டோர், சலவைப் பகுதி, பராமரிப்பு, புறாத்தீவுப் படகுப் பயணங்களுக்கு டிக்கெட் எழுதுவது எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள். பாரில் வேலை தந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பளம் கூடவென்றாலும் வேண்டாம். சீசன் முடிந்த பிறகு என்ன என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். வேலை தேடுபவராக அவரிடம் பதிந்துகொள்ளுங்கள், செலவில்லை. வான் திருத்த வேலையும் பழகியிருந்தால், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்றும் அவரிடம் கேளுங்கள். பாடநெறிக்குப் போகாமல், கைவேலையைச் செய்து காட்டி எடுக்கும் சான்றிதழ் அது. கராஜ் ஒன்றில் கேட்கும்போது, லைசன்ஸ் இல்லாத குறையை அது ஓரளவு மறைக்கும்.

சாரதி வேலைக்கே திரும்ப ஆசையென்றால் ஓகஸ்டுக்குப் பிறகும் கொஞ்சம் பொறுக்க வேண்டி வரும். வாகனச் சொந்தக்காரர் உங்கள் குணத்தை மட்டும் பார்ப்பதில்லை. குடித்த சாரதி ஓடி விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் வராது, வண்டியும் சாமானும் அவர் தலையில். அதனால் எடுத்த எடுப்பில் புது முதலாளியிடம் சாவி கேட்காமல், உள்ளே வேறு வேலைக்குப் போய், ஆளைத் தெரிந்த பிறகு ஓட்டக் கேட்பது நல்லது. ஸ்டோர் வேலை அதற்கு நல்ல வாசல். ஹோட்டலில் சாமான் எடுக்கப் போகும் வானுக்கு என்றைக்காவது ஒரு நாள் சாரதி வராமல் இருப்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அது கல்யாண வீட்டுக் குடி மட்டும்தானா, அல்லது கிழமையில் நாலு நாள் நடப்பதா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். இரண்டாவது என்றால், மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள், இல்லையென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். குடியை விட உதவி கேட்டு வருபவர்களை அங்கே யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை.

கடைசியாகப் பழைய இடம். உங்களுக்கு அங்கே வரவேண்டிய காசு இருக்கிறது என்று நினைக்கிறேன். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேர வேண்டும். களவு, மோசடி, நிறுவனச் சொத்துக்குச் சேதம் போன்றவற்றுக்காக நிறுத்தினால்தான் அதில் கை வைக்கலாம். நீங்கள் வேலை நேரத்துக்கு வெளியே, உங்கள் மோட்டார் சைக்கிளில் பிடிபட்டவர். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால் காரணத்தை இரண்டாம் வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. உங்களுக்கு வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். லைசன்ஸ் இல்லாத சாரதியை வைத்திருக்க முடியாது என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு, அதனால் அந்த வேலை திரும்பக் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் பணிக்கொடையை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை இல்லை. வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். உங்கள் கணக்குக்கு அது ஓகஸ்ட் தொடக்கத்தில் முடிகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போங்கள். சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.