இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் கேட்டவை

எனக்கு இரட்டைப் பையன்கள், இப்போது ஏழு வயது. வீட்டுக்காரர் தருமபுரியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளை உட்காரவைத்துத் தள்ளிய ஸ்ட்ரோலர் வண்டியைக் கழற்றி மாட்டிப் பழகியதில், அக்கம்பக்கத்தில் யார் வீட்டு ஸ்ட்ரோலர் சக்கரம் மக்கர் செய்தாலும் எங்கள் கடைக்கு வந்துவிடும். தள்ளிப் பார்த்ததையும் பிரித்துப் பார்த்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (காவேரிப்பட்டினம்): அக்கா, எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். 34 வாரத்தில் பிறந்தார்கள், இப்போது இரண்டு மாதம். பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற வண்டி நல்லதா, முன்னும் பின்னுமாக இருக்கிறது நல்லதா?

பதில்: முதலில் பிள்ளைகளின் வயதைச் சரியாகக் கணக்குப் பண்ணுவோம்மா. ஆறு வாரம் முன்னாடி பிறந்தவர்கள். அந்த ஆறு வாரத்தைக் கழித்தால் இரண்டு மூன்று வாரக் குழந்தை மாதிரிதான். கழுத்து நிற்க இன்னும் நாளாகும். சாய்ந்து உட்காருகிற சீட்டில் இப்படிப்பட்ட பிள்ளையைப் போட்டால் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாய் மடங்கி மூச்சு சிரமப்படும், அழக்கூட மாட்டார்கள். அதனால் இரண்டு சீட்டும் தட்டையாகப் படுக்கிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும். முன்னும் பின்னுமான வண்டிகளில் பல ஒரு சீட்டை மட்டும் முழுசாகப் படுக்க வைக்கும், இன்னொன்று பாதியில் நின்றுவிடும். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, உங்கள் கையால் சாய்த்துப் பாருங்கள். சாய்மானத்தில் உட்காரும் சீட்டுக்கு ஆறு மாதம் என்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆறு மாதத்தைப் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதனால்தான் இரட்டையருக்கு நான் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளதையே சொல்வேன். இரண்டும் ஒரே மாதிரி படுக்கும். இரண்டு பேர் எடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுக்காது. ஒருத்தி அழுதால் குனியாமலே முகம் தெரியும்.

சிக்கல் அகலம்தான். இந்த மாதிரி வண்டி சாதாரணமாக 75 முதல் 80 சென்டிமீட்டர் வரும். இரண்டரை அடிக் கதவு என்றால் 76 சென்டிமீட்டர். ஆனால் ஆசாரி சொன்ன இரண்டரை அடி, நிலையின் வெளி அளவாக இருக்கலாம். நிலையின் உள்பக்கம் டேப் வைத்து அளந்து பாருங்கள். கதவு முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டாவிட்டால் கதவின் தடிமனும் உள்ளே வந்து ஓர் அங்குலத்தைத் தின்னும். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு சோளத்தட்டையை வண்டியின் அகலத்துக்கு ஒடித்து எடுத்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து தெருக் கேட் வரை குறுக்கே பிடித்தபடி நடந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் வாசல் தாண்டியது, கேட்டில் இடித்தது. கேட்டின் கொண்டியை மாற்றிய பிறகுதான் வண்டி வாங்கினோம். நீங்களும் தட்டையோடு ஒரு நடை நடந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி (பாலக்கோடு): மூத்தவனுக்கு இரண்டே கால் வயது, அடுத்தது அடுத்த மாதம் பிறக்கப் போகிறது. எங்களுக்கும் இரட்டை வண்டி வேண்டுமா?

பதில்: உங்களுக்கு நான் யோசித்துத்தான் சொல்வேன். இரட்டையருக்கு இரண்டு சீட்டும் இரண்டு மூன்று வருஷம் ஓடும். உங்கள் பெரியவன் இன்னும் ஒரு வருஷத்தில் வண்டியில் உட்காரவே மாட்டேன் என்பான். இப்போதே நன்றாக நடக்கிறான் என்றால், சின்னதுக்கு ஒரு ஒற்றை வண்டி வாங்கி, பின்னால் நிற்கும் பலகை மாட்டிக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த சின்னப் பலகை, பெரியவன் ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். பலகைக்கு எடைக் கணக்கு உண்டு, பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ. எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று கேட்டு வாங்குங்கள்.

அவன் சீக்கிரம் களைத்துப்போகிற பிள்ளை, நீங்கள் தினமும் நெடுந்தூரம் நடக்கிறவர் என்றால் முன்னும் பின்னுமான வண்டி சரி. பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். 12 கிலோ ஒரு பக்கம், 3 கிலோ ஒரு பக்கம் என்றால் வண்டி கனமான பக்கம் இழுத்துக்கொண்டே போகும், சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும். பெரியவனுக்கு எந்த சீட், சின்னதுக்கு எது என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதற்குக் கூட வரும் புத்தகத்தைப் பாருங்கள். இன்னொன்று, பாப்பா பிறப்பதற்கு முன்பே பெரியவனை அந்த வண்டியில் பழக்கிவிடுங்கள். பிறந்த பிறகு என்றால் ‘என் வண்டியைப் பாப்பா எடுத்துக்கிச்சு’ என்று மனசு வாடிப்போவான்.

கேள்வி (ஓசூர்): அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. லிஃப்டுக்குள் போகுமா?

பதில்: ஆறு பேர் லிஃப்டின் கதவு பெரும்பாலும் 70 சென்டிமீட்டர், எட்டுப் பேர் லிஃப்ட் 80. உங்களுடையது ஆறு பேர் லிஃப்ட் என்றால் முன்னும் பின்னுமான வண்டிதான் நுழையும், ஆனால் அது நீளம். லிஃப்டின் உள் ஆழத்தையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி (பென்னாகரம் பக்கம்): நாங்கள் எல்லாம் தூளி கட்டித்தான் வளர்த்தோம். என் மகள் இரட்டை பெற்றிருக்கிறாள். இத்தனை காசு போட்டு இந்த வண்டி எதற்கு கண்ணு?

பதில்: அம்மா, நீங்கள் கேட்பது நியாயம். முதல் மூன்று நான்கு மாதம் வீட்டில் ஆள் இருந்தால் வண்டி இல்லாமலே ஓட்டிவிடலாம். அவசரப்பட்டு வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போடும் ஊசி போக 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி. ஒவ்வொரு தடவையும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைகள் என்றால் அந்த உடம்புக்கு இது பெரிய பாரம். நீங்கள் திரும்ப ஊருக்குப் போன பிறகு அவள் ஒற்றை ஆளாக இரண்டையும் எப்படி வெளியே கொண்டுபோவாள்? அந்த நாளுக்குத்தான் வண்டி.

தூளியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். குளிருக்கு என்றுகூட இரண்டையும் ஒரே தூளியில் போடாதீர்கள், ஒன்றின் மேல் ஒன்று சரிந்து மூக்கு அடைபடும். குப்புற விழ ஆரம்பித்தால் தூளியை நிறுத்திவிடுங்கள். அதே மாதிரி ஸ்ட்ரோலரிலும் ராத்திரி தூங்க வைக்கக் கூடாது.

கேள்வி (ஊத்தங்கரை, பர்கூரிலிருந்தும் இதே): பழைய வண்டி குறைந்த விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: நல்ல பழைய வண்டி மோசமான புது வண்டியை விட மேல், நான் அதைத் தைரியமாக வாங்கச் சொல்வேன். ஆனால் காலி வண்டியைத் தள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு சீட்டிலும் ஐந்தைந்து கிலோ அரிசிப் பையை வையுங்கள். சரிவில் நிறுத்தி பிரேக்கைப் போட்டு முன்னால் தள்ளுங்கள். சக்கரம் இம்மி நகர்ந்தாலும் விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

அப்புறம் மடிக்கிற மூட்டைப் பாருங்கள். விரித்தபின் ‘டக்’ என்று பூட்டு விழ வேண்டும், ஆட்டினால் தளரக் கூடாது. பிள்ளை கை படும் இடத்தில் மூட்டுக்கு மூடி இருக்க வேண்டும். 2009இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்பப் பெற்றார்கள். விரிக்கும்போது மூட்டில் மாட்டிப் பிள்ளைகளின் விரல் நுனி துண்டானதுதான் காரணம். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளைகள் இரண்டடி தள்ளியிருக்கட்டும்.

பட்டை ஐந்து முனையாக இருக்க வேண்டும்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவே ஒன்று. இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் வேண்டாம். ஐரோப்பியத் தரமான இஎன் 1888, அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்833, இரண்டில் ஒன்று வண்டியின் கம்பிச் சட்டத்தில் ஒட்டிய லேபிளில் அச்சாகியிருந்தால் நிம்மதி.

கேள்வி (அரூர்): எங்கள் ஊர் ரோட்டுக்கு எந்தச் சக்கரம்?

பதில்: பெரிய சக்கரம். ஐந்தாறு அங்குல பிளாஸ்டிக் சக்கரம் பெரிய கடைகளின் வழவழப்பான தரைக்குத்தான், ஜல்லியில் மாட்டிச் சட்டென்று நிற்கும், பிள்ளைகள் முன்னால் குலுங்குவார்கள். காற்றடிக்கும் 12 அங்குலச் சக்கரம் நம் மண் ரோட்டில் மெத்தென்று போகும். கருவேல முள் ஏறினால் பஞ்சர் ஆகும், ஆனால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் ட்யூபே பல வண்டிக்குப் பொருந்தும், எந்தக் கடையிலும் போட்டுக்கொள்ளலாம். பஞ்சரே வேண்டாம் என்றால் ஃபோம் நிரப்பியது.

கேள்வி (கிருஷ்ணகிரி): வெயிலுக்குத் துண்டு போட்டு மூடிக்கொண்டு போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மெல்லிய துணி என்றாலும் காற்று நின்றுபோய் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். வண்டியின் கூரையை இழுத்துவிட்டு முன்பக்கத்தைத் திறந்தே வையுங்கள். பின்கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள், வேர்த்து நனைந்திருந்தால் நிழலுக்கு வந்துவிடுங்கள். சித்திரையில் காலை ஒன்பது மணிக்குள் போய்த் திரும்புவதுதான் சரி.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். உழவர் சந்தையில் நான் மாட்டினேன். ஒருத்தனைத் தூக்கிய நொடியில் முன்பாரம் குறைந்து வண்டி அப்படியே பின்னால் சாய்ந்தது. இன்னொருவன் பட்டை போட்டிருந்ததால் தலையில் அடிபடாமல் தொங்கினான். அன்றிலிருந்து சாமான் அடிக்கூடையில், பை என் தோளில்.

கேள்வி (தருமபுரி): முன்சக்கரம் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: விட்டால் இரண்டு நாள் சத்தம் வராது, அப்புறம் செம்மண் தூசி ஒட்டிக் கெட்டியாகிவிடும். சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சைச் சுற்றித் தலைமுடியும் நூலும் சுருண்டிருக்கும், கடைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு வியாதி அதுதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு தடவை அடியுங்கள். கழற்றவே வரவில்லை என்றால் கடைக்கு எடுத்து வாருங்கள், ஞாயிறு மட்டும் லீவு.