பாகல் பக்கத்தில் இருந்தால் சுரை கசக்குமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மூன்றாவது மாடியில் தொட்டிகளில் சுரை, பாகல், பீர்க்கு, புடலை வைத்திருக்கிறேன். சுரையில் பூவும் பிஞ்சும் நிறைய வருகின்றன. ஆனால் நாலைந்து நாளில் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடுகிறது. பக்கத்தில் பாகலை வைத்ததால்தான் இப்படி, தப்பிக் காய்த்தாலும் கசக்கும் என்கிறார் மாமியார். பாகலைப் பிடுங்கிவிடலாமா? இதே கொடிகளிலிருந்து ஆடிப்பட்டத்துக்கு விதை எடுக்கலாமா? கோவைக்கொடி ஒன்றும் இருக்கிறது. மூன்று வருடமாகப் பூக்கிறது, ஒரு காய்கூட இல்லை."

பாகலைப் பிடுங்க வேண்டாம். அதன் மகரந்தம் சுரைப் பூவில் விழுந்தாலும் அங்கே ஒன்றும் நடக்காது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் அதற்கு நேர் எதிரானது: சுரையின் மகரந்தமே சுரையின் பெண் பூவுக்குப் போய்ச் சேரவில்லை.

இன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் மாடிக்குப் போய்ப் பாருங்கள். சுரையில் இரண்டு வகைப் பூ இருக்கும். ஒன்று, நீளமான மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும். இதழ்களுக்கு அடியில் ஒன்றுமே இருக்காது. அது ஆண் பூ. இன்னொன்றுக்குக் காம்பு குட்டை, இதழுக்குக் கீழே பூனைமுடி போர்த்திய குட்டிச் சுரைக்காய் ஒன்று ஒட்டியிருக்கும். அது பெண் பூ. இந்தக் குட்டிக் காயைப் பார்த்துத்தான் பலரும் காய் பிடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது இன்னும் காய் அல்ல, சூலகம். பூ விரிவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது. மகரந்தம் சேர்ந்தால் காயாகும், சேராவிட்டால் பூ வாடிய ஓரிரு நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். நீங்கள் வெம்பல் என்று எழுதியிருப்பது இதுதான்.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கசப்புக் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. பெண் பூவின் நடுவில் மடல் மடலாகப் பிரிந்த, பசைபசையாக இருக்கும் சூல்முடியைப் பார்க்கலாம். அதில் விழும் மகரந்தத் தூள் ஒவ்வொன்றும் முளைத்து, ஒரு மெல்லிய குழாயைக் கீழே விடுகிறது. அந்தக் குழாய் சூலகத்துக்குள் இருக்கும் ஒரு சூலைத் தேடிப் போய் இரண்டு ஆண் அணுக்களை இறக்குகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றது அந்தக் கருவுக்கான உணவுத் திசுவைத் தொடங்கி வைக்கிறது. பூக்கும் தாவரங்களுக்கே உரிய இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898-ல் கண்டுபிடித்தார். ஆக, ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் தூள். வளரத் தொடங்கிய விதைகள் அனுப்பும் ஹார்மோன் சமிக்ஞையால்தான் சுற்றியிருக்கும் சதை பெருக்கிறது. விதை உருவாகாத பிஞ்சைக் கொடி வளர்த்துக்கொண்டிருக்காது. தூள் அரைகுறையாக விழுந்திருந்தால் காய் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பிக் கோணலாக வரும். கோணல் காய் வந்தால் உரத்தைக் குறை சொல்லாமல் மகரந்தச் சேர்க்கையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரி, உங்கள் மாடியில் ஏன் சேரவில்லை? சுரையின் வெள்ளைப் பூ சாயங்காலம் விரிந்து மறுநாள் காலை வாடிவிடும். அந்த நேரத்தில் அதைத் தேடி வருபவை முக்கியமாக அந்துப்பூச்சிகள். சுற்றிலும் கான்கிரீட்டாக இருக்கும் மூன்றாவது மாடிக்கு அவை அதிகம் வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலம் தெளிக்கச் சொல்வது பொதுவான, நல்ல ஆலோசனை. ஆனால் சுரைக்கு அதுவே பூ விரியும் நேரம். நனைந்த மகரந்தம் வீணாகிவிடும். தெளிப்பதாக இருந்தால் பூக்களை விட்டுவிட்டு இலையின் அடிப்புறத்தில் மட்டும் படும்படி, சுரை விரிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மருந்து எதுவும் வாங்காமல் கையாலேயே சேர்த்துவிடலாம். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்பக்கம் மடித்துவிடுங்கள். நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டை விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டினால் அதைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லா மடல்களிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். நாலைந்து நாளில் பிஞ்சின் காம்பு தடித்து, தலை கீழ்நோக்கித் திரும்பிப் பருக்க ஆரம்பிக்கும். அப்படிச் செய்தும் விழுகிறது என்றால், விழுந்த பிஞ்சைக் கீறிப் பாருங்கள். தோலில் ஊசிக்குத்துப் போல ஒரு புள்ளி, அதில் பிசின், உள்ளே புழு என்று இருந்தால் அது பழ ஈயின் வேலை. அதற்கு வைத்தியம் வேறு: பிஞ்சு பிடித்ததும் உறை மாட்டுவது, பழ ஈப் பொறி வைப்பது.

ஆரம்பத்தில் ஆண் பூவாகவே வந்து உதிர்வதைப் பார்த்துப் பதறி, பூ உதிராமல் இருக்க ஹார்மோன் வாங்கி அடிப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அடிக்காதீர்கள். பந்தல் கொடிகளில் ஆண் பூ முதலில் வருவதும், ஒரு நாள் நின்று உதிர்வதும் இயல்பு. கடும் வெயில் காலத்தில் ஆண் பூ இன்னும் அதிகமாகும். தழைச்சத்து உரத்தைக் குறைத்து, முக்கியக் கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். சுரையில் பெண் பூ பெரும்பாலும் அந்தக் கிளைகளில்தான்.

இனி கசப்பு. சுரைக்காயின் தோலும் சதையும் முழுக்கத் தாய்க்கொடியின் உடம்பு. வெளியிலிருந்து வந்த மகரந்தம் விதைக்குள் இருக்கும் கருவிலும் அதன் உணவுத் திசுவிலும் மட்டும்தான் பங்கு பெறுகிறது. அதனால் எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் இந்த வருடக் காயின் சுவை மாறாது. மாறுவதானால் அந்த விதையை முளைக்கப் போட்டு, அடுத்த வருடம் வரும் காயில் மாறும். அதுவும் பாகலால் நடக்காது. மாமியார் கசப்புச் சுரையைத் தின்று பார்த்தே அப்படிச் சொல்லியிருக்கலாம், கசப்புச் சுரை கற்பனை அல்ல. ஆனால் காரணம் பாகல் இல்லை, சுரையின் சொந்தக்காரன்: வேலியோரம் தானாக முளைக்கும் பேய்ச்சுரை. அது வேறு செடி அல்ல, சுரையேதான், ஒரே சிற்றினம். அதன் மகரந்தம் உங்கள் சுரையில் விழுந்தால் காய் இனிப்பாகவே இருக்கும், எடுக்கும் விதையில் கசப்பு ஒளிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுரைக்காயில் கசப்பைத் தருவது குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. பாகற்காயின் கசப்பு வேறு, அதைச் சாப்பிடுகிறோம், இது அப்படியல்ல. கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து வாந்தி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு ஏற்பட்டு இந்தியாவில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. சமைத்தாலும் அந்த நச்சு போகாது. வீட்டுக் காயோ கடைக் காயோ, நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். தெரியாமல் உட்கொண்டு வயிற்று உபாதை வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீர் தட்டுப்பாடும் கடும் வெயிலும்கூட நல்ல கொடியின் காயைக் கசக்கச் செய்யலாம்.

எது எதோடு கலக்கும், எது கலக்காது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இலையையோ காயின் வடிவத்தையோ பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். தாவரவியல் பெயரைப் பாருங்கள். அதில் இரண்டு சொல் இருக்கும்: முதலாவது பேரினம், இரண்டாவது சிற்றினம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட நூலில் எல்லாத் தாவரங்களுக்கும் ஒரே சீராகக் கொடுத்த முறை இது. அவர் தாவரங்களை வகைப்படுத்தியதே பூவின் ஆண், பெண் பாகங்களை வைத்துத்தான். ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ளவை ஒரு வகுப்பு, ஆண் செடியே வேறு பெண் செடியே வேறு என்பவை அடுத்த வகுப்பு என்று பிரித்தார். சுரையை அவர் பரங்கியோடு ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார். பின்னால் வந்தவர்கள் பிரித்து, லாஜினேரியா சிசெராரியா என்று தனியே வைத்தார்கள். அவர் கண்ட வகுப்புகள் இன்று புழக்கத்தில் இல்லை. இரட்டைப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

விதை எடுப்பவருக்கு அந்தப் பெயரில் இருக்கும் பயன் இது: இரண்டு சொல்லும் ஒன்றாக இருந்தால் தாராளமாகக் கலக்கும். பேரினம் மட்டும் ஒன்று என்றால் கலப்பது அரிது, ஆனால் சில ஜோடிகளில் நடக்கும். பேரினமே வேறு என்றால் நம் பந்தலில் கவலையே வேண்டாம். உங்கள் நாலு கொடிகளும் சுரைக்காய்க் குடும்பம்தான், ஆனால் பாகல் மொமோர்டிகா, பீர்க்கு லஃபா, புடலை டிரைக்கோசாந்தஸ். நாலும் நாலு பேரினம். நெருக்கியடித்து வளர்த்தாலும் ஒன்றோடொன்று கலக்காது.

கவனிக்க வேண்டியவை அவற்றின் பங்காளிகள். மிதிபாகலும் நீளமான கொம்புப் பாகலும் ஒரே சிற்றினம், கலக்கும். புடலையும் புதரில் ஏறும் பேய்ப்புடலும் ஒன்று, கலக்கும். பீர்க்கும் நுரைப்பீர்க்கும் வேறு வேறு சிற்றினம் என்றாலும் கலக்கக்கூடிய ஜோடி. ஆனால் பீர்க்கு சாயங்காலம் விரிகிறது, நுரைப்பீர்க்கு காலையில் விரிகிறது, அந்த நேர வித்தியாசம் ஓரளவு தடுக்கிறது. வெண்பூசணியும் மஞ்சள் பூசணியும் பேரினத்திலேயே வேறு. ஒன்று ஆசியாவின் பழைய பயிர், மற்றது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கலக்காது. வெள்ளரிக்காயும் முலாம்பழமும் ஒரே பேரினம், ஆனால் வெள்ளரிக்கு 7 ஜோடிக் குரோமோசோம், முலாம்பழத்துக்கு 12 ஜோடி, அதனால் சேர்வதில்லை. நம்மூரில் வெடித்துப் போய் விற்கும் வெள்ளரிப்பழமோ வெள்ளரிக்காய் இனமே அல்ல, முலாம்பழமும் அதுவும் ஒரே சிற்றினம். வெள்ளரிப்பழத்தையும் முலாம்பழத்தையும் அருகருகே வைத்து விதை எடுத்தால் கலப்புதான் கிடைக்கும்.

விதைக்கு வருவோம். முதலில், வாங்கிய பாக்கெட்டில் எஃப்1 அல்லது ஹைபிரிட் என்று போட்டிருந்தால் அதிலிருந்து விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும். நாட்டு ரகம் என்றால் எடுக்கலாம். சான்று விதை உற்பத்தியில் இந்தக் காய்களுக்கு 500 மீட்டர் தனிமை கேட்கிறார்கள். மாடியில் அதற்கு வழியில்லை, ஆனால் நூல் போதும். மறுநாளோ அன்று சாயங்காலமோ விரியப்போகும் மொட்டு நுனியில் நிறம் காட்டும்: சுரையில் வெள்ளை, பாகலில் மஞ்சள். ஆண் மொட்டு ஒன்று, பெண் மொட்டு ஒன்று தேர்ந்தெடுத்து, இதழ் நுனிகளை நூலால் கட்டிவிடுங்கள். சுரை, பீர்க்கு, புடலைக்குப் பிற்பகலிலேயே கட்ட வேண்டும். பாகலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டி, விடிந்ததும் போக வேண்டும். புடலை மொட்டைப் பிரிக்கும்போது கை பதமாக இருக்கட்டும்; இதழோர இழைகள் உள்ளே சுருண்டு கிடக்கும். நேரம் வந்ததும் அவிழ்த்து, நான் சொன்னபடி தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிட்டுக் காம்பில் ஒரு சிவப்பு நூல் அடையாளம் வையுங்கள். அதே ரகத்தில் இன்னொரு கொடி இருந்தால் ஆண் பூவை அதிலிருந்து எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் அதே கொடியின் பூவும் சரிதான்.

விதைக்காயைக் கொடியிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் முதல் காயையே விதைக்கு விட்டால் கொடி புதுப் பிஞ்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும், எனவே சமையலுக்கு நாலு காய் பறித்தபிறகு விடுவது என் வழக்கம். சுரைக்கு ஓடு கட்டியாகி, காம்பு காய்ந்து, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். பீர்க்கு கொடியிலேயே நெற்றாகட்டும். நுனியில் இருக்கும் சிறு மூடி கழன்றதும் கவிழ்த்தால் விதை கொட்டும். புடலையும் பாகலும் பழுத்து நிறம் மாறி வெடிப்பதற்குள் பறித்து, விதையைச் சுற்றிய சிவப்புச் சதையைக் கழுவி நிழலில் காய வையுங்கள். சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தால் ஆடி வரை கெடாது. அடுத்த வருடம் முளைக்கும் சுரையில் முதல் காயை நாக்கில் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள்.

கோவை கடைசியாக, ஏனென்றால் அதன் கதை வேறு. இதே குடும்பம்தான், ஆனால் பனையைப் போல இதில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. உங்கள் கொடியின் பூவைக் கவிழ்த்துப் பாருங்கள். இதழுக்கு அடியில் நீள உருண்டையாகப் பிஞ்சு இல்லையென்றால் அது ஆண் கொடி, எத்தனை உரம் வைத்தாலும் காய்க்காது. பறவை போட்ட விதையிலிருந்து தானாக வந்த கொடியாக இருந்தால் ஆணாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. காய்த்துக்கொண்டிருக்கும் கொடி யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்து, முற்றிய தண்டில் மூன்று நாலு கணு வைத்துத் துண்டு வாங்கி வாருங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்த்துவிடும். தண்டிலிருந்து வருவது தாய்க்கொடியின் நகல் என்பதால் அதுவும் பெண்ணாகவே இருக்கும். இப்போதிருக்கும் ஆண் கொடியை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், புதுக் கொடி பூக்கும்போது மகரந்தத்துக்கு உதவும்.