எலும்பு இல்லாத குழியெல்லாம் வெற்றுக் கல்லறையா (உடல் வைக்காமல் நினைவுக்காக மட்டும் அமைத்ததா)?

எலும்பு கிடைக்காததை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. அமில மண் எலும்பைக் கரைத்துவிடும். கடைசிவரை தாக்குப்பிடிப்பது பல்லின் எனாமல். இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் 1939-இல் 27 மீட்டர் கப்பலின் தடமே கிடைத்தது, உடல் மட்டும் இல்லை. வெற்று நினைவுக்குழி என்றே முதலில் நினைத்தார்கள். பின்னர் செய்த பாஸ்பேட் சோதனை (உடல் மக்கும்போது மண்ணில் தங்கும் பாஸ்பேட்டை அளப்பது), உடல் இருந்து கரைந்திருக்கலாம் என்று காட்டியது. இந்தச் சோதனைக்குக் குழியின் தரையில் கட்டம் கட்டமாக மண் எடுக்க வேண்டும். குழிக்கு வெளியிலும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். விலங்கு எலும்போ உரமோ கலந்திருந்தால் கணக்கு தப்பும்.

வெற்றுக் கல்லறைக்கு நம்பகமான சான்று பல்கேரியாவின் வர்ணா இடுகாடு (1972-இல் கண்டுபிடிக்கப்பட்டது, 6000 ஆண்டுக்கும் மேல் பழையது). அங்கே பக்கத்துக் குழிகளில் எலும்புக்கூடு நன்றாகவே இருக்கிறது, ஆகவே மண்மீது பழி போட முடியாது. 36-ஆம் குழியில் உடலே இல்லை, தங்கப் பொருள்களோ 850-க்கும் மேல்! கொள்ளையர் கிளறியிருந்தால் தங்கமா மிஞ்சும்? வேறு மூன்று குழிகளில் தலை இருக்கவேண்டிய இடத்தில் ஆளளவு களிமண் முகம். கண்ணுக்கும் வாய்க்கும் தங்கத் தகடு. ஆளுக்குப் பதில் ஆள் வைத்தது போலத்தான்.

ஏன் செய்தார்கள் என்பது வர்ணாவில் ஊகம்தான். ஏதென்ஸில் எழுத்துச் சான்றே உண்டு: போரில் இறந்தோர் எலும்புகளைக் குலத்துக்கு ஒன்றாகச் சைப்ரஸ் மரப்பெட்டிகளில் வைத்து, உடல் கிடைக்காதவர்களுக்காகத் துணி விரித்த வெறும் பாடை ஒன்றையும் தூக்கிச் சென்றதாகப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார்.